ஓர் இரவு தங்கும் மூச்சு

மாலை 6 மணி

தைப்பூசம் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஜொகூரின் கிழக்குக் கரையில் தூண்டில் போடும் எங்களுக்குக் கடல் தீபாவளியை ஒட்டி மூடும்; தைப்பூசம் கழிந்து மெல்லத் திறக்கும். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். மெர்சிங் ஜெட்டியில் படகுகள் கட்டிக் கிடக்கும். எதிரே உள்ள தீவுகளில் விடுதிகள் கதவைச் சாத்தியிருக்கும். மார்ச் பிறந்ததும் எங்கள் தெக்கோங், அதாவது படகோட்டி, மலாயில் ஒற்றை வரி அனுப்புவார்: கடல் அடங்கிவிட்டது, எத்தனை பேர்?

அந்த வரி வருவதற்கு முன் ஓர் இரவை ஒதுக்கி வைப்பது என் வழக்கம். இன்றுதான் அந்த இரவு.

மாசாயில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் கோரைப்பாய் விரித்து நான்கு மிதவைச் சட்டைகளை வரிசையாக வைத்திருக்கிறேன். லைஃப் ஜாக்கெட் என்றால் எல்லாருக்கும் நினைவில் வருவது ஆரஞ்சு நிறத்தில் நுரைப்பலகை வைத்துத் தைத்த தடித்த சட்டை. இவை வேறு வகை. மடித்த நிலையில் கழுத்தைச் சுற்றி இரண்டு பட்டைகள், அவ்வளவுதான். வெயிலில் நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் புழுங்காது. பட்டையைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் நிறக் காற்றுப்பை. அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு சிலிண்டர். தண்ணீர் பட்டாலோ, சிவப்புக் கைப்பிடியை இழுத்தாலோ ஓர் ஊசி பாய்ந்து சிலிண்டரின் வாயைத் துளைக்கும். உள்ளே அழுத்தி வைத்த கரியமில வாயு சீறி வந்து சில நொடிகளில் பையை நிரப்பும்.

நான்கும் நான்கு பேருடையவை. என்னுடையது, மச்சானுடையது, மகனுடையது, எங்களோடு வரும் பழைய சக ஊழியருடையது. வருடத்துக்கொரு முறை எல்லாம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

முதலில் சிலிண்டரைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். பிறகு பையின் மேற்புறம் உள்ள ரப்பர் குழாயில் வாய் வைத்து ஊத வேண்டும். ஊதினேன். முதல் மூச்சு போன இடம் தெரியவில்லை. நான்காவது மூச்சில் மடிப்புகள் நெளிந்தன. பத்தாவதில் பை தோள்பட்டை போல எழுந்து நின்றது. இன்னும் இரண்டு மூச்சு. விரலால் தட்டினால் பூசணிக்காயைத் தட்டுவது போல ஒலி.

நான்கையும் ஊதி முடித்தபோது தலை லேசாகச் சுற்றியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஏறக்குறைய ஐம்பது மூச்சு என்னைவிட்டுப் போய் எதிரே நான்கு மஞ்சள் உருவங்களாக உட்கார்ந்திருக்கிறது. நாளை மாலை இதே நேரம் வரை அது அங்கேயே இருக்க வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

இரவு 7.30

மகன் வேலை முடிந்து வந்து பார்த்தான். "நல்லா கல்லு மாதிரி நிக்குதேப்பா. இன்னும் என்ன டெஸ்ட்?" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஊதிய கையோடு நல்லதென்று சொல்லிவிடத்தான் மனம் விரும்புகிறது. ஊசிமுனையளவு ஓட்டை முதல் ஒரு மணி நேரத்தில் தன்னைக் காட்டிக் கொள்ளாது. அதற்கு ஓர் இரவு கொடுக்க வேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்களின் கையேடுகளும் இதைத்தான் சொல்கின்றன: ஊதி, இரவு முழுக்க வை, அடுத்த நாள் பார்.

கணக்கைக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன். பெரியவர்களுக்கான சட்டையில் '150 நியூட்டன்' என்று அச்சிட்டிருக்கும். ஏறக்குறைய 15 கிலோவைத் தண்ணீரில் தூக்கிப் பிடிக்கும் வலு. அறுபது எழுபது கிலோ மனிதனுக்கு 15 கிலோ எப்படிப் போதும் என்று மச்சான் ஒருமுறை கேட்டார். உடம்பின் பெரும்பகுதியைத் தண்ணீரே சுமந்துகொள்கிறது. மூழ்கிய மனிதன் தண்ணீருக்குள் சில கிலோதான் கனப்பான். அந்தச் சில கிலோதான் உயிருக்கும் சாவுக்கும் இடையில் நிற்கிறது. மீதி வலு எல்லாம் முகத்தை அலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்க.

இந்த 15 கிலோ வலுவைத் தருவது சிலிண்டரில் உள்ள 33 கிராம் வாயு. இரண்டரை மேசைக்கரண்டி சர்க்கரையின் எடைதான். விரிந்தால் அதற்குப் பதினெட்டு லிட்டர் இடம் வேண்டும்.

இரவு 9 மணி

"தராசை எங்கங்க தூக்கிட்டுப் போறீங்க? நாளைக்கு அதிரச மாவுக்கு வேணும்."

"பத்து நிமிஷம்மா. சிலிண்டர் எடை பார்த்துட்டுத் தரேன்."

மாவு அளக்கும் மின்தராசு கிராம் வரை சரியாகக் காட்டும். சிலிண்டரின் உடம்பில் அதன் எடை பொறிக்கப்பட்டிருக்கிறது. என்னுடையதில் 144. தராசில் வைத்தேன். 145. மச்சானுடையது சரி. நண்பருடையது சரி. மகனுடையதும் சரி, ஆனால் கழுத்தோரம் துருவின் சாயல். விரல் நகத்தால் சுரண்டினால் செம்மண் போல ஒட்டுகிறது. அதைத் தனியே எடுத்து வைத்தேன். துருப் பிடித்த சிலிண்டர் பையோடு உரசினால், உயிர் காக்க வேண்டிய இரும்பே பையை அறுத்துவிடும்.

ஏன் எடை பார்க்க வேண்டும்? துளை விழுந்து காலியான சிலிண்டரும் நிறைந்த சிலிண்டரும், சட்டையில் பொருத்தியிருக்கும்போது ஒன்றுபோலவே இருக்கும். துளை வாயில் இருக்கிறது. வாய் உள்ளே முறுக்கப்பட்டிருக்கிறது. கழற்றினால்தான் தெரியும். படகின் இன்ஜின் அதிர்விலேயே மரை தளர்ந்து சிலிண்டர் ஒரு சுற்று, இரண்டு சுற்று பின்வாங்கிவிடுவதும் உண்டு. அப்போது ஊசி எட்டாது. எட்டினாலும் வாயு பைக்குள் போகாமல் வெளியே கசியும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கையால் ஒரு முறுக்கு. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

எடையைப் பற்றி எழுதும்போது நியூயார்க்கின் 'ஜெனரல் ஸ்லோகம்' நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 1904 ஜூன் 15. தேவாலயம் ஒன்றின் சுற்றுலாவுக்காக, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் ஏறிய நீராவிப் படகு அது. ஈஸ்ட் ரிவரில் தீப்பிடித்தது. தாய்மார்கள் கார்க் வைத்துத் தைத்த மிதவைச் சட்டைகளைக் குழந்தைகளுக்குக் கட்டித் தண்ணீரில் விட்டார்கள். குழந்தைகள் மேலே வரவில்லை. பதின்மூன்று வருடம் கூரையில் தொங்கிய சட்டைகள் அவை. உள்ளே கார்க் உளுத்துப் பொடியாகியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஒரு மாதம் முன்புதான் அரசாங்க ஆய்வாளர் படகைப் பார்த்துச் சான்று கொடுத்திருந்தார்.

அந்த விபத்துக்குப் பிறகு இன்னொன்று வெளிவந்தது. ஒரு சட்டையில் இத்தனை எடை நல்ல கார்க் இருக்க வேண்டும் என்பது அக்கால விதி. எடையைச் சரிக்கட்டுவதற்காகக் கார்க்கோடு இரும்புத் துண்டுகளைச் செருகியதாகக் கார்க் நிறுவனம் ஒன்றின் நிர்வாகிகள் மீது வழக்குப் பதிவானது. மிதக்க வேண்டிய சட்டைக்குள் இரும்பு. தராசு மட்டும் திருப்தியாக இருந்திருக்கும்.

தராசைத் துடைத்துச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன். எந்தக் கேள்விக்கு எது விடை என்று தெரியாமல் அளந்தால், அளவே நம்மை ஏமாற்றும்.

இரவு 11 மணி

வீடு அடங்கிவிட்டது. மின்விசிறிக் காற்றில் நான்கு பைகளும் லேசாக அசைகின்றன.

இந்தச் சட்டையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஓர் இடத்தில் மனம் நின்றுவிடுகிறது. குடையை விரித்துப் பார்த்து வாங்கலாம். டார்ச்சைப் போட்டுப் பார்த்து அணைக்கலாம். பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கலாம். இந்தச் சிலிண்டர் ஒரே ஒருமுறைதான் வேலை செய்யும். வேலை செய்கிறதா என்று பார்த்தால் அது தீர்ந்துபோகும். இன்று சோதித்த சிலிண்டர் நாளைக்கு இல்லை. நாளைக்கு இருக்கும் சிலிண்டர் சோதிக்கப்படாதது.

அப்படியென்றால் எதை நம்பிக் கழுத்தில் மாட்டுகிறோம்? சுற்றி இருப்பதை. பை காற்றைப் பிடிக்கிறதா, எடை சரியா, மரை இறுகியிருக்கிறதா, தண்ணீரில் கரைந்து ஊசியை விடுவிக்கும் மாத்திரைக்குத் தேதி இருக்கிறதா, தையல் பிரியாமல் இருக்கிறதா. நடுவில் உள்ள அந்த ஒரு நொடியைத் தொட முடியாது. அதைச் சுற்றியுள்ள அத்தனையையும் தொடலாம். தொட முடிந்ததையெல்லாம் தொட்டுப் பார்த்தவனுக்குத்தான் தொட முடியாததை நம்பும் உரிமை வருகிறது என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஒரு நொடியையும் தொட்டுப் பார்க்கத் துணிந்த ஒருவர் இருந்தார். எட்கர் பாஸ்க். இங்கிலாந்தில் மயக்கவியல் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. கடலில் விழுந்த விமானிகள் பலர் மிதவைச் சட்டையோடுதான் விழுந்தார்கள். ஆனாலும் முகம் தண்ணீருக்குள் கவிழ்ந்து இறந்தார்கள். நினைவிழந்தவனின் தலை எப்படித் தொங்கும், உடம்பு எந்தப் பக்கம் புரளும் என்பதை விழித்திருக்கும் ஒருவரை வைத்து அறிய முடியாது. விழித்திருப்பவர் தன்னையறியாமல் கழுத்தை நிமிர்த்திவிடுவார். அதனால் பாஸ்க் தன்னையே மயக்கச் சொன்னார். ஈதர் கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் செருகி, ஒவ்வொரு சட்டையாக மாட்டி அவரை நீச்சல் குளத்தில் விட்டார்கள். சில சட்டைகள் அவரைக் குப்புறக் கவிழ்த்தன.

இன்றைய சட்டைகளில் காற்றுப்பை முதுகில் இல்லாமல் நெஞ்சிலும் கழுத்தைச் சுற்றியும் குவிந்திருப்பதற்கு இந்த அறிவும் ஒரு காரணம். நினைவிழந்தவரை 5 நொடிக்குள் மல்லாக்கத் திருப்ப வேண்டும், வாய் தண்ணீருக்கு மேல் 12 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும் என்று கப்பல் விதிகளில் நெடுங்காலம் எழுதியிருந்தது. போருக்குப் பிறகு பாஸ்க் நியூகாசிலில் பேராசிரியராக இருந்தார். 1966இல் காலமானார்.

ஜொகூர்க் கரையின் செடிலிக் கடலில் மீன் பிடிக்கும் நான் அவரை இந்த இரவில் நினைத்துக்கொள்கிறேன். அவர் உறங்கிய உறக்கத்தின் பயன் என் கழுத்தில் தொங்குகிறது.

பின்னிரவு 2 மணி

தூக்கம் கலைந்து எழுந்து வந்தேன். விளக்கைப் போடவில்லை. தெருவிளக்கின் வெளிச்சத்தில் நான்கும் அப்படியே இருப்பதாகத் தெரிகிறது.

கடல் இருட்டில்தான் முழு உருவம் கொள்கிறது. 2021 டிசம்பர் 15ஆம் தேதி விடியற்காலை, பருவக்காற்றின் உச்சத்தில், கோத்தா திங்கி மாவட்டத்துத் தஞ்சோங் பாலாவ் கரையருகே இந்தோனேசியத் தொழிலாளர்களை ஏற்றி வந்த படகு கவிழ்ந்தது. முதல் நாளிலேயே 11 உடல்கள் கிடைத்தன. பிறகு எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. பிழைப்பு தேடிக் கடல் தாண்டியவர்கள். எங்கள் தாத்தாக்களும் அப்படித்தான் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறினார்கள். அந்தச் செய்தியை நான் அயலார் செய்தியாகப் படிக்கவில்லை.

2022 ஏப்ரல் 6ஆம் தேதி மெர்சிங்குக்கு எதிரே தோக்கோங் சங்கோல் என்ற சிறு தீவின் அருகே நீர்மூழ்கிப் பயிற்சியில் இருந்த நால்வர் மேலே வந்து பார்த்தபோது படகு கண்ணில் படவில்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துக்கொண்டு போனது. ஒருவர் மறுநாள் மீட்கப்பட்டார். இருவரை மூன்றாம் நாள் மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். அவர்களோடு போன 14 வயதுச் சிறுவன் திரும்பவில்லை.

அந்த நாட்களில் எங்கள் தெக்கோங்கும் மற்ற தெக்கோங்குகளும் ஜெட்டியில் அதையே பேசினார்கள். இரண்டரை நாள். நம்முடைய சட்டை இரண்டரை நாள் நிற்குமா என்று ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மிதப்பது ஒன்று, கண்ணில் படுவது இன்னொன்று என்பதும் அன்றுதான் மனத்தில் ஊன்றியது. அதன் பிறகு என் சோதனையில் விசிலும், தண்ணீர் பட்டால் எரியும் சிறு விளக்கும், ஒளி பட்டால் மின்னும் பட்டையும் சேர்ந்தன. அலைச் சத்தத்தில் மனிதக் குரல் வெகுதூரம் போகாது. விசில் போகும்.

தமிழ்நாட்டின் பழவேற்காடும் இந்த நேரத்தில் நினைவுக்கு வருகிறது. 2011 கிறிஸ்துமஸ் நாள். ஏரியில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கோலாலம்பூர்ச் செய்தியில் பார்த்துவிட்டு, தூரத்து உறவு யாராவது இருக்கிறார்களா என்று பெயர்களைத் தேடினோம். 

விடியல் 5.30

கோயிலிலிருந்து பாட்டு கேட்கிறது. அப்பா நினைவில் இருக்கிறார்.

அப்பா காவிரிக் கரைக்காரர். பன்னிரண்டு வயதில் ஜொகூருக்கு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். அவருக்கு நீச்சல் சொல்லித் தந்தது சுரைக்குடுக்கை. முற்றிக் காய்ந்த சுரைக்காய்கள் இரண்டைக் கயிற்றில் கட்டி நெஞ்சுக்கடியில் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்குவார்களாம். தோட்டத்து ஆற்றில் எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்; சுரைக்குப் பதில் மூடியை இறுக்கிய எண்ணெய் டின்.

குடுக்கையை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. முதலில் குலுக்குவார்கள், விதை சலசலவென்று ஓடினால் நன்றாகக் காய்ந்தது. பிறகு விரல் கணுவால் தட்டுவார்கள். கடைசியாக அண்டாத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு குமிழி வந்தாலும் அந்தக் குடுக்கை அடுப்புக்குப் போய்விடும். மெழுகு பூசி அடைத்தால் என்ன என்று கேட்டேன். "அடைக்கலாம்டா. நம்ம புள்ளைய கட்டி விட மனசு வருமா?" என்றார்.

அப்பர் பெருமானைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்ட கதையையும் அவர்தான் சொன்னார். கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய கதை. அந்தக் கதையைச் சொன்ன அதே வாய், குடுக்கையை அண்டாவில் அமுக்கிப் பார்க்கவும் சொன்னது. இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஒரு முரணும் தெரிந்ததில்லை. எனக்கும் இப்போது தெரியவில்லை. ஊசி பாயும் அந்த நொடிக்கு முன் செய்ய வேண்டியதை நான் செய்கிறேன். அந்த நொடி என் கையில் இல்லை.

ஞாயிறு காலை 10 மணி

சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, ஒரு குவளைத் தண்ணீர், பழைய ஷேவிங் பிரஷ். வாய்க்குழாயின் அடியில், வால்வைச் சுற்றி, தையலோரம், மடிப்பு விழும் கோடுகளில் தடவிப் பார்த்தேன். மூன்று சட்டைகளில் நுரை அமைதியாக வழிந்தது. மகனுடையதில், கழுத்துக்குப் பின்னால் மடிப்புக் கோட்டில், ஒரே இடத்தில் ஒரு குமிழி. கடுகளவு. உடைந்தது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று.

கையால் பையை அழுத்திப் பார்த்தேன். இன்னும் உறுதியாகத்தான் இருந்தது. எதுவும் சொல்லாமல் துடைத்து அப்படியே வைத்தேன். அதற்கான நேரம் மாலை.

தானாக விரியும் வகையில் இன்னொரு சோதனை இருக்கிறது. ஊசியைப் பிடித்து நிறுத்தியிருப்பது தண்ணீரில் கரையும் ஒரு சிறு மாத்திரை. கரைந்ததும் ஸ்பிரிங் விடுபட்டு ஊசி பாயும். நம் ஊர் காற்றிலேயே பாதி தண்ணீர். ஈரச் சட்டையைப் படகுப் பெட்டிக்குள் சுருட்டிப் போட்டால் மாத்திரை மெல்லக் கரைந்து, யாரும் தொடாமலே சட்டை ஒருநாள் பெட்டிக்குள் விரிந்து கிடக்கும். வந்ததும் நல்ல தண்ணீரால் உப்பைத் துடைத்து, ஹேங்கரில் மாட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். மாத்திரைக்குத் தேதி உண்டு. தேதி போனால் மாற்றிவிட வேண்டும். மாத்திரைக்குப் பதில் நீரழுத்தத்தில் இயங்கும் வகையும் உண்டு. மழைக்கும் அலைத் தெறிப்புக்கும் அசையாது. ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போனால்தான் திறக்கும். விலை கூட.

வார்களையும் இழுத்துப் பார்த்தேன். காலுக்கிடையில் போகும் தொடைவாரைப் பலர் மாட்டுவதே இல்லை. அது இல்லாவிட்டால் தண்ணீரில் சட்டை மட்டும் மேலே எழும்பும்; ஆள் கீழே தொங்குவார்.

இன்னொன்றையும் குறித்து வைக்கிறேன். கண்ணாடி அடைத்த அறை கொண்ட ஃபெர்ரிக்குள் இந்தச் சட்டையை விரியவிடக் கூடாது. 1996 நவம்பரில் எத்தியோப்பிய விமானம் ஒன்று கொமோரோஸ் தீவருகே கடலில் இறங்கியபோது, பலர் உள்ளேயே மிதவைச் சட்டையை ஊதிவிட்டார்கள். தண்ணீர் ஏறியதும் சட்டை அவர்களைக் கூரையோடு சேர்த்து அழுத்தியது. வாசலுக்குக் குனிந்து நீந்த முடியவில்லை. விமானத்தில் இருந்த 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். வெளியே வந்த பிறகுதான் இழுக்க வேண்டும்.

பிற்பகல் 3 மணி

பேத்திக்கு இந்த வகை வேண்டாம் என்று முடிவு செய்து வெகுகாலம் ஆகிறது. நீந்தத் தெரியாதவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் நுரைச்சட்டைதான். அதில் துளைக்கவோ கரையவோ எதுவும் இல்லை, போட்டதுமே மிதக்கும். ஆனால் அதையும் பார்க்காமல் போடக் கூடாது.

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு தீவுக்குப் போக வாடகைப் படகு ஏறினோம். எந்த ஜெட்டி, எந்தப் படகு என்று எழுத வேண்டியதில்லை. பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பேத்திக்குப் போட்டு இழுத்தேன். பக்கிள் என் கையோடு வந்துவிட்டது. வெயிலில் வெந்து பொரித்த அப்பளம் போல நொறுங்கியது. இன்னொன்று எடுத்தேன், நுரையை அமுக்கினால் அமுங்கிய குழி அப்படியே நின்றது. மூன்றாவது நன்றாக இருந்தது. படகோட்டி இளைஞர் முகம் சிவந்து, "சாரி அங்கிள்" என்று கெட்டுப்போனதை எல்லாம் எடுத்துத் தனியே வைத்தார். நல்ல பிள்ளை. அதுவரை யாரும் இழுத்துப் பார்த்துக் கேட்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து நான் செய்வது மூன்றுதான். நுரையை அமுக்குவேன், குழி எழும்ப வேண்டும். பக்கிளை மாட்டிப் பலமாக இழுப்பேன். பிள்ளைக்குப் போட்ட பிறகு இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்குவேன். சட்டை காதுக்கு மேலே போனால் அது அவளுக்குப் பெரியது. அரை நிமிடம் ஆகும்.

ஞாயிறு மாலை 6 மணி

இருபத்துநான்கு மணி நேரம் முடிந்தது.

மச்சானுடையது நேற்று போலவே. நண்பருடையது நேற்று போலவே. என்னுடையதில் தட்டினால் அதே பூசணிக்காய் ஒலி. மகனுடையது பாயில் சரிந்து கிடந்தது. விரல் வைத்தால் மாவில் வைத்தது போல உள்ளே போனது.

நான்கில் புதியது அதுதான். அவன் இரண்டு முறைதான் கடலுக்கு வந்திருக்கிறான். மற்ற நாளெல்லாம் அலமாரியில், ஒரே மடிப்பில், அதன் மேல் பயணப்பை. உழைத்துத் தேய்ந்த மூன்றும் காற்றைப் பிடித்து நின்றன. மடிப்பைப் பிரிக்காமல் வைத்திருந்தது மடிப்பிலேயே இற்றுவிட்டது. இனி ஒவ்வொரு முறையும் கோட்டை மாற்றி மடிக்க வேண்டும்; மற்ற மூன்றையும் அப்படியே மடித்துவிட்டேன்.

மகனைக் கூப்பிட்டேன். துருப் பிடித்த அந்தச் சிலிண்டரை அந்தச் சட்டையிலேயே பொருத்தினேன். சிலிண்டர் எப்படியும் கழிக்க வேண்டியது. கழிக்கும் முன் ஒரு சாட்சி சொல்லட்டும். பேத்தியும் வந்து நின்றாள். அவன் சிவப்புக் கைப்பிடியை இழுத்தான். புஸ்ஸென்று ஒரு சீற்றம். மூன்று நான்கு நொடியில் சட்டை முழுதாக விரிந்து இறுகி நின்றது. சிலிண்டரைத் தொட்டுப் பார்த்த பேத்தி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்; ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது.

"நல்லாத்தானேப்பா வேலை செய்யுது!" என்றான் மகன்.

அந்த இடத்தைக் காட்டினேன். சோப்புத் தண்ணீரைத் தடவினேன். கடுகளவு குமிழி வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தோக்கோங் சங்கோல் இரண்டரை நாள் என்றேன். அவன் தலையாட்டினான்.

கைப்பிடியை இழுத்துப் பார்த்திருந்தால் இந்தச் சட்டை தேறியிருக்கும். ஓர் இரவு வைத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. அந்த ஓர் இரவுக்குச் செலவு பன்னிரண்டு மூச்சு.

படகேறும் பழக்கமுள்ள எல்லாரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மார்ச்சில் கடல் திறக்கும் முன், உங்கள் சட்டையை அலமாரியிலிருந்து எடுங்கள். சிலிண்டரைக் கழற்றி, பையை வாயால் ஊதி, ஒரு நாள் வையுங்கள். சிலிண்டரைச் சமையலறைத் தராசில் வைத்து, அதில் பொறித்த எடையோடு ஒப்பிடுங்கள். மாத்திரையின் தேதியைப் படியுங்கள். விசிலை ஊதிப் பாருங்கள். ஊதிய காற்றை முழுதாக வெளியேற்றி, பையைக் கோடு மாற்றி மடித்து, சிலிண்டரை மறுபடி பொருத்தி, கையால் ஒரு முறுக்கு முறுக்குங்கள். பிறகு படகில் ஏறும்போதே அதை மாட்டிக்கொள்ளுங்கள். பெட்டியில் கிடக்கும் சட்டையைக் கவிழும் படகில் யாரும் தேடி எடுத்ததில்லை.

மகனின் சட்டையை ஒட்டுப்போடச் சொல்லி யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. கத்தரிக்கோலை எடுத்து மஞ்சள் பையைக் குறுக்கே வெட்டினேன். குப்பையிலிருந்து அதை எடுத்து வேறொருவர் பிள்ளைக்கு மாட்டிவிடக் கூடாது.